பதக்கமும் பட்டறையும்: தென் கொரியாவின் தேசியத் தொழிற்றிறன் போட்டி பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

இளந்தொழிலாளர் தமது கைத்திறனைக் குறித்த நேரத்துள், நடுவர் முன்னிலையில் செய்து காட்டும் போட்டிகள் இன்று ஏறத்தாழ எல்லாக் கண்டங்களிலும் நடைபெறுகின்றன. மேசன், தச்சர், கடைசற்காரர், மின்னிணைப்பாளர், தையற்காரர், சமையற்காரர் என ஐம்பது வரையான தொழில்களைச் சேர்ந்த இளைஞர் இவற்றிற் பங்குபற்றுவர். ஒவ்வொரு நாடும் முதலிற் தன் எல்லைக்குள் தேசியப் போட்டி ஒன்றினை நடத்தி, அதில் முதன்மை பெற்றோரைச் சர்வதேசப் போட்டிக்கு அனுப்புகின்றது. கல்வியியலாளர் இவற்றைப் பயிற்சியின் தரத்தை அளக்கும் கருவிகளாகவே பெரும்பாலும் நோக்கி வந்துள்ளனர். அந்நோக்குத் தவறானதன்று, ஆயினும் அது போதாது. ஓர் அரசு தன் தொழிலாளரின் கையை எவ்வாறு மதிக்கின்றது, அக்கைக்குரிய மனிதனை எவ்வாறு நடத்துகின்றது என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. இவ்விடைகளுக்கு இடையிலான தூரத்தைத் தென் கொரியாவின் தேசியத் தொழிற்றிறன் போட்டியின் வரலாறு போன்று தெளிவாகக் காட்டும் வரலாறு பிறிதொன்று இல்லை எனலாம்.

இரு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்து நோக்குதல் பொருத்தமானது. 1967 ஆம் ஆண்டு ஸ்பெயினின் தலைநகரான மாட்ரிட்டில் நடைபெற்ற சர்வதேசத் தொழிற்பயிற்சிப் போட்டியில் தென் கொரியா முதன்முறையாகப் பங்குபற்றியது. தையற் தொழிலிலும் பாதணி செய்யும் தொழிலிலும் அதன் இளைஞர் தங்கப்பதக்கம் பெற்றனர். நாடு திரும்பிய அவர்களைத் திறந்த வாகனங்களில் ஏற்றிச் சியோல் நகர வீதிகளில் ஊர்வலமாக அழைத்துச் சென்றனர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1970 நவம்பர் 13 ஆம் திகதி, அதே சியோல் நகரின் பியொங்வா சந்தைக்கு முன்னால், ஆடைப் பட்டறை ஒன்றிற் துணி வெட்டுநராகத் தொழில் செய்த ஜொன் தே இல் என்னும் 22 வயது இளைஞர், தொழில் நியமச் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு கோரித் தம்மைத் தீக்கிரையாக்கிக் கொண்டார். ஒருவர் ஊர்வலத்திற் சென்ற தையற்காரர். மற்றவர் தீயில் மாண்ட தையற்தொழிலாளி. இருவரும் ஒரே தசாப்தத்தில், ஒரே அரசின்கீழ், ஒரே தொழிலைச் செய்தவர்கள். இம்முரண் தற்செயலானதன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

போட்டியின் தோற்றத்தைச் சிறிது பின்னோக்கிப் பார்ப்போம். தொழிற்றிறனைத் தேசிய அளவிற் போட்டிக்குரியதாக்கிய பெரும் முயற்சிகளுள் ஒன்று 1934 இல் நாஸி ஜேர்மனியில் இடம்பெற்றது. ஹிட்லர் இளைஞர் அமைப்பும் ஜேர்மன் தொழில் முன்னணியும் இணைந்து அதனை நடத்தின. சுதந்திரமான தொழிற்சங்கங்கள் அந்நாட்டிற் கலைக்கப்பட்டு அப்பொழுது ஓராண்டே ஆகியிருந்தது. இன்றைய சர்வதேசப் போட்டியின் நேரடி மூலமோ ஸ்பெயினாகும். உள்நாட்டுப் போரினாற் சிதைந்து, பயிற்றப்பட்ட தொழிலாளர் பற்றாக்குறையால் வருந்திய அந்நாட்டில், ஜெனரல் பிராங்கோவின் ஆட்சிக்குட்பட்ட இளைஞர் அமைப்பு 1947 இல் முதலாவது தேசியப் போட்டியை நடத்தியது. ஏறத்தாழ 4,000 பயிலுநர் அதிற் பங்குகொண்டனர். 1950 இல் அயல்நாடான போர்த்துக்கலும் சேர, 24 இளைஞர்களுடன் முதலாவது சர்வதேசப் போட்டி மாட்ரிட்டில் நிகழ்ந்தது. 1953 இல் ஜேர்மனி, பிரித்தானியா, பிரான்ஸ், மொரோக்கோ, சுவிற்சர்லாந்து ஆகியன இணைந்தன. 1958 இல் பிரசெல்ஸ் நகரில் அது முதன்முறையாக ஸ்பெயினுக்கு வெளியே இடம்பெற்றது. யப்பான் 1962 இல் இணைந்து, மறு ஆண்டிலேயே தனது தேசியப் போட்டியை ஆரம்பித்தது.

பிராங்கோவின் ஸ்பெயினிலும் சாலசாரின் போர்த்துக்கலிலும் சுதந்திரத் தொழிற்சங்கங்களுக்கு இடமிருக்கவில்லை. தொழிலாளியும் முதலாளியும் அரசு அமைத்த ஒரே கூட்டமைப்பினுள் அடைக்கப்பட்டிருந்தனர். இவ்வுண்மையைக் கொண்டு தொழிற்றிறன் போட்டியை ஒரு பாசிசக் கண்டுபிடிப்பு என ஒதுக்குவது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். பிறப்பிடம் ஒரு நிறுவனத்தின் முழு விதியையும் தீர்மானிப்பதில்லை. பலம் வாய்ந்த தொழிற்சங்கங்களைக் கொண்ட வட ஐரோப்பிய நாடுகளும் பின்னர் இப்போட்டியை ஏற்றன. ஆயினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. தொழிலாளியின் கூட்டுக் குரலை மறுத்த ஆட்சிகளுக்கு அவனுடைய தனித்திறனைப் போற்றுவதில் எவ்வித இடர்ப்பாடும் இருக்கவில்லை. மாறாக அப்போற்றுதல் அவற்றுக்கு உவப்பாகவே இருந்தது. 1961 மே மாதத்து இராணுவப் புரட்சியினால் ஆட்சியைக் கைப்பற்றிய பாக் சுங் ஹீயின் அரசுக்கும் அது உவப்பாயிற்று.

அக்காலக் கொரியாவின் நிலையை விளங்கிக்கொள்ளாது போட்டியின் வேகத்தை விளங்கிக்கொள்ளல் இயலாது. 1950 முதல் 1953 வரையான போர் நாட்டை அழித்திருந்தது. கனிவளம் பெரும்பாலும் வடக்கிலிருந்தது. தெற்கிடம் எஞ்சியது மக்களின் உழைப்பு ஒன்றே. 1962 இல் முதலாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிற்று. மலிவான உழைப்பினாற் செய்யப்பட்ட துணி, ஆடை, பொய்முடி, ஒட்டுப்பலகை ஆகியன ஏற்றுமதியாயின. ஆனாற் கைத்தொழிலாக்கத்துக்கு ஒரு பண்பாட்டுத் தடையும் இருந்தது. கொன்பூசிய மரபு சமூகத்தை அறிஞர், உழவர், கைவினைஞர், வணிகர் என நான்காகப் படிப்படுத்தியிருந்தது. எழுதுகோல் பிடித்த கை உயர்ந்தது, உளி பிடித்த கை தாழ்ந்தது என்னும் இவ்வெண்ணம் நமக்கும் அந்நியமானதன்று. தச்சரும் கொல்லரும் கோயிற் தேரைச் செய்தனர். அத்தேர் ஓடிய வீதியில் அவர்களுக்குரிய இடத்தை வேறு எவரோ தீர்மானித்தனர். பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்புவது தோல்வியின் அறிகுறி எனக் கொரியப் பெற்றோர் கருதியமைக்கு இதுவே காரணம்.

எனவே புதிய அரசுக்கு இரண்டு தேவைகள் இருந்தன. ஒன்று, திறனுடைய தொழிலாளரைக் குறுகிய காலத்திற் பெருந்தொகையாக உருவாக்குதல். மற்றது, இளைஞர் விரும்பி அத்துறைக்கு வரும்வண்ணம் அதற்கொரு மதிப்பை உண்டாக்குதல். 1966 இன் தொடக்கத்திற் சர்வதேசப் போட்டிக்கான கொரியக் குழு அமைக்கப்பட்டது. அதன் முதற்தலைவர் புரட்சியின் முக்கிய சூத்திரதாரிகளுள் ஒருவரான கிம் ஜொங் பில் என்பதிலிருந்து அரசு இதற்களித்த முதன்மையை உணரலாம். அவ்வாண்டிலேயே முதலாவது தேசியப் போட்டி நடத்தப்பட்டது. 1967 இல் தொழிற்பயிற்சிச் சட்டம் நிறைவேறியது. போட்டி முன்னே வந்தது, சட்டம் பின்னே வந்தது என்னும் ஒழுங்கு கவனிக்கத்தக்கது.

1973 இன் தொடக்கத்திற் பாக் சுங் ஹீ கனரக, இரசாயனக் கைத்தொழிற் கொள்கையைப் பிரகடனஞ் செய்தார். கப்பல், உருக்கு, இயந்திரம், மின்னணுப் பொருள் என உற்பத்தியின் தன்மையே மாறவேண்டியதாயிற்று. இதற்கு வேண்டியது நுண்ணளவிற் பிழையின்றி வேலை செய்யும் கை. அவ்வாண்டே தேசியத் தொழில்நுட்பத் தகைமைச் சட்டம் இயற்றப்பட்டது. 1974 இலும் 1976 இலும் இயற்றப்பட்ட சட்டங்கள் பெரிய கம்பனிகள் தாமே தொழிலாளரைப் பயிற்றவேண்டும், அன்றேல் அதற்கான வரியைச் செலுத்தவேண்டும் என விதித்தன. குமி நகரிற் கும்ஓ தொழில்நுட்ப உயர்பாடசாலை 1973 இற் தோன்றியது. வறிய கிராமங்களிலிருந்து திறமைமிக்க சிறுவர் அங்கு சேர்ந்தனர். கல்வியும் விடுதியும் இலவசம். பதிலாக அவர்கள் இராணுவத்தின் தொழில்நுட்பப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் கடமையாற்ற வேண்டியிருந்தது. தொழில்நுட்பப் பாடசாலை மாணவர் தாயக நவீனமாக்கத்தின் கொடி தாங்குவோர் எனப்பட்டனர். தொழிலாளர் கைத்தொழிற் போர்வீரர் எனப்பட்டனர். இச்சொற்றொடர்கள் பாசறையிலிருந்து வந்தவை. போர்வீரனுக்குப் பதக்கம் உண்டு, அணிவகுப்பு உண்டு. ஊதியம் பற்றிப் பேரம் பேசும் உரிமை மட்டும் இல்லை.

இனிப் போட்டி நடைபெறும் முறையை நோக்குவோம். வசந்த காலத்தில் மாகாண, நகரப் போட்டிகள் நடைபெறும். அவற்றில் வென்றோர் இலையுதிர் காலத்துத் தேசியப் போட்டிக்குச் செல்வர். தேசியப் போட்டியின் முதன்மையாளர் மேலும் சில தேர்வுகளுக்கு உட்படுத்தப்பட்டு, ஒரு தொழிலுக்கு ஒருவர் அல்லது ஓர் அணி எனத் தெரிவு செய்யப்படுவர். சர்வதேசப் போட்டியிற் பெரும்பாலான தொழில்களுக்கு 22 வயதே மேல் எல்லை. அங்கு வேலை நான்கு நாள்களுக்கு நீளும். வரைபடம் ஒன்று கொடுக்கப்படும், பொருளும் கருவியும் கொடுக்கப்படும், கடிகாரம் ஓடும்.

மதிப்பீடு இருவகைப்படும். அளந்து அறியக்கூடியது ஒன்று. நடுவர் தம் தொழில் அனுபவத்தாற் தீர்மானிப்பது மற்றையது. மேசன் கட்டிய சுவர் நிலைக்குத்தாக நிற்கின்றதா, வரி மட்டமாக உள்ளதா, மூலை செங்கோணமா, வரைபடத்தின் நீளம் சுவரில் உள்ளதா என்பவற்றை ரசமட்டமும் தூக்குக் குண்டும் மூலைமட்டமும் சொல்லிவிடும். சாந்து இணைப்புகள் துப்புரவாக உள்ளனவா என்பதைக் கண் சொல்லவேண்டும். கடைசற்காரர் செய்த உறுப்பில் மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு கூட அல்லது குறைய இருந்தாலும் புள்ளி போய்விடும். உருக்கி ஒட்டும் தொழிலான வெல்டிங்கிற் செய்யப்பட்ட கொள்கலத்துள் நீரை அழுத்தத்துடன் செலுத்திப் பார்ப்பர். ஒட்டில் ஊசிமுனைத் துவாரம் இருந்தாலும் நீர் கசிந்து காட்டிக்கொடுக்கும். தையலில் இது கடினமாகின்றது. மேலங்கியின் கழுத்துப்பட்டி தோளில் எவ்வாறு அமர்கின்றது என்பதை எந்த அளவுகோலும் முழுமையாக அளக்காது. அங்கே முப்பது ஆண்டு தைத்த ஒருவருடைய விரல் துணியின்மீது ஓடவேண்டும்.

இத்தேர்வில் ஒரு நேர்மை உண்டு என்பதை மறுத்தல் ஆகாது. எழுத்துப் பரீட்சையில் மனனம் செய்தவனும் வெல்லலாம். சிபாரிசுக் கடிதத்தாற் பதவி பெறலாம். கசியும் கொள்கலத்தை எந்தச் சிபாரிசும் அடைக்காது. வறிய கிராமத்துச் சிறுவன் செல்வந்தர் மகனுக்குச் சமமாக நின்று, தன் கையொன்றை மாத்திரம் நம்பி வெல்லக்கூடிய களங்கள் அக்காலக் கொரியாவில் அதிகம் இருக்கவில்லை. அவ்விளைஞரின் பெருமிதம் போலியானதன்று. முற்போக்கு எழுத்தாளர் சிலர் இத்தகைய போட்டிகளை அரசின் வெறும் நாடகம் எனக் கூறிக் கடந்துவிடுவர். அவர்கள் தொழிலாளி தன் வேலையின்மீது கொண்டிருக்கும் பற்றினை அறியாதவர்கள் என்றே கூறவேண்டியுள்ளது.

ஆனாற் தேர்வு எதனை அளக்காது விடுகின்றது என்பதும் கேட்கப்படவேண்டியதே. பட்டறையில் வேலை தனியே நடைபெறுவதில்லை. பழுதான இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் துணிவு, இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமை, ஆபத்தான சாரத்தில் ஏற மறுக்கும் அறிவு ஆகியனவும் தொழிற்றிறனே. இவற்றுக்கு நான்கு நாள் தேர்விற் கிடைக்கக்கூடிய இடம் மிகச் சிறியது. திறன் என்பது ஒருவனுடைய விரல்களிற் குடியிருக்கும் தனிச்சொத்தாக அங்கே தோற்றமளிக்கின்றது.

வெற்றியாளருக்கு அரசு அளித்த வெகுமதிகள் கணிசமானவை. பரிசுப்பணம், அரச விருது என்பவற்றோடு, அதே தொழிலிற் தொடர்ந்து இருப்போர்க்கு ஆண்டுதோறும் ஊக்கத்தொகையும் உண்டு. கட்டாய இராணுவ சேவைக்குப் பதிலாகத் தமது தொழிலிலேயே கடமையாற்றும் சலுகையும் கிடைத்தது. கொரிய இளைஞன் ஒருவனுக்கு இது பணத்தைவிடப் பெரிது. 1977 இல் ஒல்லாந்தின் உற்றெக்ற் நகரிற் தென் கொரியா முதன்முறையாக ஒட்டுமொத்த முதலிடத்தைப் பெற்றது. மறு ஆண்டு போட்டி பூசான் நகரிலேயே நடைபெற்றது. 1977 தொடக்கம் 1991 வரை தொடர்ச்சியாக ஒன்பது தடவைகளும், 2015 வரையிற் மொத்தமாகப் பத்தொன்பது தடவைகளும் அது முதலிடம் வகித்தது. சர்வதேச அமைப்பு ஒட்டுமொத்த வெற்றிக்கென ஒரு நாட்டுக்கும் கிண்ணம் வழங்குவதில்லை. புள்ளிகளைக் கூட்டித் தரவரிசை அமைத்துக் கொண்டாடியது நாடுகளே. இளைஞன் கட்டிய சுவர் அவனுடையதாயிருந்தது, புள்ளி நாட்டினுடையதாயிற்று.

மீண்டும் பியொங்வா சந்தைக்கு வருவோம். அங்கு நூற்றுக்கணக்கான சிறு ஆடைப் பட்டறைகள் நெருக்கமாக அமைந்திருந்தன. இடத்தை மிச்சப்படுத்த ஒரு மாடியின் உயரத்தை நடுவே பலகையடித்து இரண்டாக்கியிருந்தனர். நிமிர்ந்து நிற்க இயலாத அப்பரண்களில், தூசியின் நடுவே, பெரும்பாலும் இளம்பெண்கள் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரமளவில் வேலை செய்தனர். உதவியாளராக இருந்த சிறுமியர் சிலருக்கு வயது பதின்மூன்றோ பதினான்கோ. ஜொன் தே இல்லும் உதவியாளனாகத் தொடங்கித் தையற்காரராகிப் பின்னர் வெட்டுநராக உயர்ந்தவர். வெட்டுநரே பட்டறையின் உயர்ந்த திறனாளர். போட்டியின் மொழியிற் கூறினால் ஏணியின் மேற்படியை அவர் அடைந்திருந்தார். அப்படியிலிருந்து அவர் கீழே பார்த்தார்.

1953 இலேயே இயற்றப்பட்ட தொழில் நியமச் சட்டம் ஒன்று நாட்டில் இருப்பதை அவர் அறிந்தபோது, அச்சட்டநூலை வாங்கினார். அது சீன எழுத்துகள் நிறைந்த சட்டநடையில் இருந்தது. முறையான பள்ளிக்கல்வி பெறாத அவரால் அதனை இலகுவில் வாசிக்க முடியவில்லை. பொருள் சொல்லித்தர ஒரு பல்கலைக்கழக மாணவ நண்பன் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என அவர் ஏங்கியதைப் பிற்காலத்துக் கொரிய மாணவர் இயக்கத்தினர் அனைவரும் அறிவர். 1969 இல் அவர் சக வெட்டுநரைச் சேர்த்துச் சிறு சங்கம் ஒன்றை அமைத்து, அதற்கு முட்டாள்கள் சங்கம் எனப் பெயரிட்டார். வினாக்கொத்துத் தயாரித்துத் தொழிலாளரின் வேலைநேரம், நோய், ஊதியம் ஆகியவற்றைத் திரட்டினார். தொழில் அலுவலகத்துக்கு மனுச் செய்தார். பயனில்லை. இறுதியில் அச்சட்டநூலும் அவரோடு எரிந்தது. தாம் இயந்திரங்கள் அல்ல என்பதே அவருடைய இறுதிக் கூக்குரல்களுள் ஒன்று. இரண்டு வாரங்களுக்குள் அச்சந்தையின் தையற்தொழிலாளர் தமக்கென ஒரு தொழிற்சங்கம் அமைத்தனர். அவருடைய தாயார் லீ சோ சுன் தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியைத் தொழிலாளர் இயக்கத்திற் கழித்தார்.

அரசின் மறுமொழி வேறாக இருந்தது. 1971 டிசம்பரில் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புச் சிறப்புச் சட்டம் கூட்டுப் பேரத்தையும் கூட்டு நடவடிக்கையையும் அரசின் அனுமதிக்குக் கட்டுப்பட்டவையாக்கிற்று. வேலைநிறுத்தம் நடைமுறையிற் தடைப்பட்டது. இத்தடையின் நிழலிலேதான் 1973 க்குப் பிந்திய தொழிற்பயிற்சிச் சட்டங்களும், பதக்கங்களின் பொற்காலமும் வருகின்றன. 1979 ஆகஸ்டில் ஒய்.எச். என்னும் பொய்முடித் தொழிற்சாலை மூடப்பட்டதை எதிர்த்து அதன் பெண் தொழிலாளர் எதிர்க்கட்சித் தலைமையகத்தில் அமர்ந்து போராடினர். பொலிசார் உட்புகுந்த வேளையிற் கிம் கியொங் சுக் என்னும் இளம்பெண் உயிரிழந்தார். அக்கொந்தளிப்புகளின் தொடர்ச்சியில், அவ்வாண்டு ஒக்டோபரிற் பாக் சுங் ஹீயின் ஆட்சி அவரது கொலையுடன் முடிவுற்றது. ஏற்றுமதியின் முதற்பாரத்தைச் சுமந்தவர் இத்தகைய பெண்களே. ஆயின் போட்டியின் தொழிற்பட்டியலில் மேலோங்கியவை ஆண்களுக்குரியனவாகக் கருதப்பட்ட உலோக, இயந்திர, கட்டடத் தொழில்களாகும். நாளொன்றுக்கு ஆயிரம் தடவை ஒரே தையலைப் பிழையின்றித் தைக்கும் பெண்ணின் கையைத் திறனுடைய கை என எவரும் அழைக்கவில்லை. அது வெறும் சுறுசுறுப்பு எனப்பட்டது.

திறனாளர் எனப் போற்றப்பட்ட ஆண் தொழிலாளர் நிலையும் வாயிலுக்கு வெளியே ஒன்று, உள்ளே வேறொன்று. உல்சான் நகரின் ஹியுண்டாய் கப்பல் தளத்தில் நாட்டின் சிறந்த வெல்டர்களும் கடைசற்காரர்களும் பணிபுரிந்தனர். காலையில் வாயிற்காவலர் அவர்களின் தலைமுடியின் நீளத்தைச் சோதித்தனர். நீண்டிருப்பின் அங்கேயே வெட்டப்படுவதும் உண்டு. 1987 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நாடெங்கும் எழுந்த மாபெரும் தொழிலாளர் போராட்டத்தின்போது உல்சான் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளின் முன்வரிசையில் முடி வளர்க்கும் சுதந்திரம் இருந்தது. வெளியார் இதைக் கேட்டு நகைத்திருக்கலாம். உலகச் சந்தைக்குக் கப்பல் கட்டும் முப்பது வயது மனிதன், பள்ளிச் சிறுவன்போல் வாயிலில் நிறுத்தப்படுவதன் பொருளை அறிந்தோர் நகையார். ஆகஸ்ட் நடுப்பகுதியில் அவர்கள் தாம் இயக்கும் பாரந்தூக்கிகளையும் மண்வாரி லொறிகளையும் முன்னே செலுத்திப் பல்லாயிரவராக நகரத்தினூடே அணிவகுத்தனர். திறனாளரின் அணிவகுப்பை அந்நாடு இருபது ஆண்டுகளாகக் கண்டிருந்தது. அழைப்பின்றி அவர்களே புறப்பட்ட அணிவகுப்பு இதுவே.

அரசின் பயிற்சித்திட்டம் எதிர்பாராத விளைவொன்றை ஈன்றது என இதனை விளக்கலாம். ஒரே பாடசாலை, ஒரே விடுதி, ஒரே தகைமைச் சான்றிதழ் ஆகியவற்றினூடாக அது தன்னம்பிக்கை மிக்க ஒரு தொழிலாளர் தலைமுறையை ஒரே இடத்தில் குவித்துவிட்டது. தம்மை நாட்டின் தூண்கள் எனக் கேட்டு வளர்ந்தோர், தூணுக்குரிய இடத்தைக் கேட்டனர். 1987 க்குப் பின்னர் பெருங் கம்பனிகளிற் தொழிற்சங்கங்கள் நிலைபெற்றன, ஊதியம் உயர்ந்தது. எனினும் 1997 இன் நிதி நெருக்கடிக்குப் பின் வேறொரு பிளவு தோன்றிற்று. நிரந்தரத் தொழிலாளர் ஒருபுறம், அதே தளத்தில் அதே வேலையைக் குறைந்த கூலிக்குச் செய்யும் உபஒப்பந்தத் தொழிலாளர் மறுபுறம். ஹியுண்டாய் மோட்டார் கம்பனியில் இத்தகைய ஒப்பந்த முறை சட்டவிரோதமானது என 2010 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய திறனாளரின் தொழிற்சங்கங்கள் இப்புதியவர்களை எவ்வளவு தூரம் தம்மவராக ஏற்றன என்பது கசப்பான வினாவாகவே உள்ளது.

இதற்கிடையிற் போட்டியின் அடித்தளமும் மாறியது. 2008 ஆம் ஆண்டளவில் உயர்பாடசாலையை முடித்தோரில் நூற்றுக்கு 80 க்கு மேற்பட்டோர் உயர்கல்விக்குச் சென்றனர். தொழில்நுட்பப் பாடசாலைகள் மதிப்பிழந்தன. 2010 இல் 21 சிறப்புத் தொழிற்பாடசாலைகளைத் திறந்து அரசு இப்போக்கைத் திருப்ப முயன்றது. மதிப்பிழந்த பாடசாலைக்குப் பதக்கமே விளம்பரமாயிற்று. பல பாடசாலைகளிற் போட்டிக்கெனத் தனிக்குழு அமைக்கப்பட்டது. அதன் மாணவர் வகுப்பறைப் பாடங்களை விட்டு விடுதியில் தங்கி, இரவு நெடுநேரம் வரை ஒரே மாதிரிப் பணியைத் திரும்பத் திரும்பச் செய்தனர். தேர்வின் உருவம் முன்கூட்டியே தெரிந்திருக்கையில், அது திறனை அளப்பதை விட்டுப் பயிற்சி நேரத்தின் நீளத்தையே அளக்கத் தொடங்குகின்றது. பெரிய கம்பனிகள் பதக்கம் பெற்றோரைத் தேடி வேலைக்கமர்த்தின. பதக்கம் தவறியவனுக்கு அவ்வாண்டுகள் பெரும்பாலும் இழப்பே. 2020 ஏப்ரலிற் கியொங்ஜு நகரில், போட்டிக்குப் பயின்றுகொண்டிருந்த தொழில்நுட்ப உயர்பாடசாலை மாணவன் ஒருவன் விடுதியில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். ஆசிரியர் சங்கத்தினரும் குடிசார் அமைப்பினரும் எழுப்பிய கண்டனத்தின் பின், இரவு பத்து மணிக்கு மேற்பட்ட பயிற்சியை மட்டுப்படுத்தல், சமமான திறன் காட்டியோர்க்குப் பதக்கத்தைப் பகிர்ந்தளித்தல் முதலிய மாற்றங்களை அரசு அறிவித்தது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 2016 மே 28 அன்று, சியோலின் குஇ நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்தில் மேடைக் கதவைத் தனியாகத் திருத்திக்கொண்டிருந்த 19 வயது இளைஞன் ஒருவன் வண்டியில் அகப்பட்டு இறந்தான். அவன் தொழில்நுட்பப் பாடசாலையில் பயின்று, உபஒப்பந்தக் கம்பனியிற் சேர்ந்தவன். இருவர் சேர்ந்து செய்யவேண்டிய வேலை அது. அவனுடைய பையில் உண்ணப்படாத உடனடி நூடில்சும் ஒரு கரண்டியும் இருந்தன. அவ்விளைஞனின் திறனிற் குறைவிருந்தது என எவரும் கூறவில்லை.

சுவிற்சர்லாந்தின் நிலை இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்கு இளைஞரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் தொழிற்பயிலுநர் வழியிலேயே கல்வியைத் தொடர்கின்றனர். பயிற்சியின் உள்ளடக்கத்தையும் நிபந்தனைகளையும் அரசும் முதலாளிமாரும் தொழில்சார் அமைப்புகளும் கூடித் தீர்மானிக்கின்றன. 2005 இல் ஹெல்சிங்கியில் அச்சிறு நாடு கொரியாவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. அங்கே போட்டி மரத்தின் பழம். கொரியாவில் அது மரம் வளருமுன் கட்டித் தொங்கவிடப்பட்ட பழமாகத் தொடங்கிற்று. மரமும் பின்னர் வளர்ந்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும், எவருடைய உடலின்மீது வளர்ந்தது என்பதை மறவாமல்.

இலங்கைக்கும் இவ்வரலாற்றுடன் நேரடித் தொடர்பு உண்டு. 1971 இற் தேசியப் பயிலுநர் சட்டம் இயற்றிய நம் நாடு, பின்னர் ஏழு படிநிலைகள் கொண்ட தேசியத் தொழிற்றகைமைச் சட்டகத்தையும் வகுத்துள்ளது. சர்வதேசப் போட்டிக்கும் இளைஞரை அனுப்பியுள்ளது. ஆயினும் கொரியாவுடனான நமது பிரதான உறவு போட்டிக் களத்தில் நிகழ்வதன்று. 2004 இல் அந்நாடு வெளிநாட்டுத் தொழிலாளருக்கான அனுமதி முறையை ஆரம்பித்தபோது முதலில் உடன்படிக்கை செய்த ஆறு நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அன்று முதல் ஆயிரக்கணக்கான இலங்கை இளைஞர் கொரிய மொழித் தேர்வு எழுதி அங்குள்ள சிறு தொழிற்சாலைகளுக்கும் மீன்பிடித் தளங்களுக்கும் சென்று வருகின்றனர். கொரிய இளைஞர் ஏற்க மறுக்கும் வேலைகளே அவை. வேலைத்தலத்தை மாற்றும் உரிமை அவர்களுக்கு எண்ணிக்கையாலும் காரணத்தாலும் வரையறுக்கப்பட்டுள்ளது. பொதுவாக முதலாளியின் இசைவின்றி விலகுவது எளிதன்று. நீண்டகாலம் உழைத்தோர் சிலர் திறனாளருக்குரிய நுழைவுரிமைக்கு மாறும் வழியொன்று அண்மை ஆண்டுகளிற் திறக்கப்பட்டுள்ளது. மற்றையோர் நுழையும் அனுமதிப் பத்திரத்தின் வகை, இங்கிருந்து செல்பவர் பத்து ஆண்டு அனுபவமுள்ள வெல்டராக இருப்பினும், தொழிற்றிறன் சாரா வேலை என்றே பெயர் பெற்றுள்ளது.